கண் சிமிட்டிய கறுப்புப் பெட்டி

அக்காவின் கணினியில் அந்தக் கறுப்புப் பெட்டி திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. அக்கா மறுபடி சொடுக்கினாள். மறுபடியும் அதே கதைதான். பட்டென்று வந்தது, பட்டென்று போனது.

வாண்டு நாற்காலியின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் வாண்டுதான். ஐந்து நிமிடம் கேள்வி கேட்காமல் இரு என்று சொன்னால் போதும், அவளுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டாள். டெர்மினல் என்றாள் அக்கா. அது எதற்கு என்று கேட்டாள். இது லினக்ஸ் கணினி, திரையில் உள்ள படங்களைச் சொடுக்காமல் கட்டளைகளை எழுதியே இதனிடம் வேலை வாங்கலாம், அப்படி எழுதும் இடம்தான் அது என்றாள் அக்கா. அது ஏன் ஓடி ஓடிப் போகிறது என்று கேட்டாள். அக்கா திரும்பி முறைத்தாள்.

பாவம், அக்காவுக்குத் தலைபோகிற அவசரம். நாற்பது நாள் விடியற்காலையில் எழுந்து, பூங்காவில் பறவைகளின் குரல்களைப் பதிவு செய்திருந்தாள். எந்தப் பறவை எத்தனை முறை கூவியது என்று கணக்கிட, கல்லூரிப் பேராசிரியர் ஒரு நிரலை எழுதிக் கொடுத்திருந்தார். அதை டெர்மினலில்தான் ஓட்ட முடியும். அறிக்கை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் பறவை ஆய்வு முகாமில் அவளுக்கு இடம் இல்லை. இப்போது மணி மூன்றே முக்கால்.

காலை பதினொன்றரையிலிருந்து இதே பாடுதான். கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அக்கா இன்னொரு முறை சொடுக்கினாள்.

"அக்கா, மூடுறதுக்கு முன்னாடி வெள்ளையா ஏதோ தெரியுது."

"ஒண்ணும் தெரியல. நீ போய் விளையாடு."

"இல்லக்கா, எழுத்து மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்கும்?"

என்ன எழுதியிருந்தால் என்ன என்று அக்கா சலித்துக்கொண்டாள். ஆனால் வாண்டுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. இனி அவள் சும்மா இருப்பாளா? கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். அதற்குள் பெட்டி ஓடிவிட்டது. கண்ணால் பிடிக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் யார் முதலில் கோட்டைத் தொட்டார்கள் என்று சண்டை வந்தபோது, விளையாட்டு ஆசிரியர் கைபேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டித்தானே முடிவு சொன்னார்? வாண்டு அக்காவின் கைபேசியை எடுத்தாள். திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை திறக்கச் சொன்னாள். அக்கா வேண்டாவெறுப்பாகச் சொடுக்கினாள்.

காணொளியை ஆமை வேகத்தில் ஓட்டினாள் வாண்டு. பெட்டி மெல்லத் திறந்தது. உள்ளே ஒரே ஒரு வரி. அதைப் படித்த வாண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கைபேசியை அக்காவிடம் நீட்டினாள்.

"கண்ணு, முதல்ல சாப்பிடு. அப்பா."

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. நேற்றும் மதியச் சாப்பாடு இல்லை. அப்பா எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அழைத்துப் பார்த்தார்கள். கைபேசி அணைந்திருந்தது. எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் தொங்குகிறாரோ!

"அப்பா இதை எங்க எழுதியிருப்பார்?" என்று கேட்டாள் வாண்டு. "பெட்டிக்குள்ள எழுத முடியாதே, அதுதான் நிக்கவே மாட்டேங்குதே."

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டெர்மினலின் சின்னத்தில் வலது பக்கமாகச் சொடுக்கினாள். அமைப்புகள் என்று ஒரு வரி வந்தது. அதைத் திறந்து இருவரும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார்கள். வழக்கமான வேலைக்குப் பதிலாக இந்தக் கட்டளையை இயக்கு என்று ஒரு கட்டம். அதில் ஒரு டிக். பக்கத்தில் அப்பாவின் வரி.

"ஓ, லிஃப்ட் கதவு திறந்ததும் ஒரு குரல் எத்தனாவது மாடின்னு சொல்லுமே," என்றாள் வாண்டு. "அதே மாதிரி இதையும் பேச வெச்சிருக்கார்."

"ஆமா. கதவு திறந்துச்சு, சொல்லிச்சு, வேலை முடிஞ்சுதுன்னு மூடிக்கிச்சு," என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

டிக்கை எடுத்தார்கள். கறுப்புப் பெட்டி திறந்தது. அசையாமல் நின்றது. அக்கா மடமடவென்று கட்டளையை எழுதி நிரலை ஓடவிட்டாள். முடிய அரைமணி நேரம் ஆகும். மணி நாலே கால்.

"அப்பா எழுதினது போயிடுச்சாக்கா?" வாண்டின் முகம் வாடிவிட்டது. "அவர் ஆசையா வெச்சாரே."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் முதலில் படிக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதன் கடைசியில் அப்பாவின் வரியைச் சேர்த்தாள். சோதித்துப் பார்க்க இன்னொரு பெட்டியைத் திறந்தாள். அது அப்பாவின் வரியைச் சொன்னது, சொல்லிவிட்டு அங்கேயே நின்றது.

சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியுமா? இருவரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அறிக்கை நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது என்று பேராசிரியரிடமிருந்து பதிலும் வந்தது.

ஐந்து மணிக்கு அப்பா கூப்பிட்டார். வேலை முடிந்து கீழே இறங்கிவிட்டாராம். கம்ப்யூட்டர் ஏதாவது சொல்லிச்சா என்று கமுக்கமாக விசாரித்தார்.

"சொல்லிச்சுப்பா," என்றாள் அக்கா. "நாலு மணி நேரமா சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. நம்ம வாண்டு பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது."

"சரி, சாப்பிட்டியா?"

"ரெண்டாவது தட்டுப்பா," என்றாள் அக்கா, வாய் நிறைய.