மகாராணியின் கோளாறுகள்

செவ்வாய்க்கிழமை காலை வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவன் திடுக்கிட்டு சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பதினொரு வருடங்களில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. முதல் திருப்புக்கு அது தொண்டையைக் கனைக்கும். இரண்டாவதற்கு உடம்பெல்லாம் குலுங்க இருமும். மூன்றாவதற்குத்தான், போனால் போகிறது என்பதுபோல, உயிர் வரும். வீட்டில் அதற்கு மகாராணி என்று பெயர் வந்ததே அதனால்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய துணிக்கூரை. மழைத் துடைப்பான் கண்ணாடியில் பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றுகொள்ளும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் யாரும் தொடாமலே ஹாரன் ‘பீம்’ என்று முனகும். உள்ளே எப்போதும் பெட்ரோல் வாடை. ஆனால் நீர்த்தேக்கத்து வளைவுகளில் கூரையைத் திறந்துவிட்டுப் போகும்போது அது தரையோடு ஒட்டிக்கொண்டு வழுக்கிப்போகும் சுகம் இருக்கிறதே, அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்வான். அவன் பல் செட் செய்கிறவன். நாள் முழுக்க அரைமில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு அந்த வளைவுகள் வேண்டியிருந்தன.

அவன் மனைவி பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. போன மாதம் ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி மருத்துவமனைக்குப் போகிற வழியில், சூடேறினால் நிற்கிற வழக்கப்படி, வண்டி நடுரோட்டில் நின்றது. மழை. நாற்பது நிமிடம். பிள்ளை மடியில் நெருப்பாகக் கிடந்தாள்.

“ஒண்ணு அது இருக்கணும், இல்லே நாங்க இருக்கணும்” என்று திங்கட்கிழமை அவள் சொல்லிவிட்டாள். அவன் விளம்பரம் எழுத உட்கார்ந்தான்.

“நல்ல நிலையில்னு போட்டிருக்கீங்க. மனசாட்சியோடதான் எழுதறீங்களா?”

“எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.”

“வாங்கறவனும் பிள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான். இது இப்படி இப்படின்னு சொல்லிட்டு வித்தா என்ன குறைஞ்சிடும்?”

அவன் அந்த வரியை மாற்றாமலே விளம்பரத்தை அனுப்பினான். அன்று மாலை மூன்று பேரும் கொட்டகையில் நின்றார்கள். அந்த வீட்டில் வண்டியோடு பேசுவது வழக்கம். அவன் பானட்டைத் தட்டிக்கொடுத்து, “போற இடத்துல எங்க மானத்தை வாங்கிடாதே, தாயே. உன் கோளாறையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போ” என்றான். கேட்பதற்குக் கனிவான பேச்சுதான். ஆனால் அதன் அடியில் வாங்குகிறவனை ஏமாற்றுகிற சின்னக் கள்ளம் ஒன்று படுத்திருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

“ஐயோ, எனக்கு வேணாம்ப்பா. எனக்கு இருக்கறதே போதும்” என்றாள் மனைவி.

மகள்தான் முன்னால் வந்தாள். வகுப்பில் யாரிடமாவது பென்சில் இல்லையென்றால் தன்னுடையதை இரண்டாக ஒடித்துக் கொடுக்கிற பிள்ளை அவள். வண்டியின் முன்விளக்கைக் கட்டிக்கொண்டு, “பரவால்ல, நான் வெச்சுக்கறேன்” என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. இன்ஜின் சீராக ஓடும் சத்தத்தைக் கேட்டபடி அவன் நின்றான். மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “குட்டி, எழுந்திரு.” சற்றுப் பொறுத்து, “குட்டீ!” பிறகு பயம் கலந்த உரத்த குரலில் மூன்றாவது முறை. அதற்குப் பிறகுதான் பிள்ளை தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்து உட்கார்ந்தாளாம்.

“ரெண்டு தடவை உலுக்கியும் எழுந்துக்கலை. தொண்டை மட்டும் கர்ர் கர்ர்னு சத்தம் போடுது” என்றாள் மனைவி.

“சளியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போனான். போகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு.

புதன்கிழமை தூறல். துடைப்பான் கண்ணாடியின் மறுகோடிவரை போய்த் திரும்பியது. சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் இடது இமை பாதி இறங்கியிருந்தது. தூக்கமா என்று கேட்டால் இல்லை என்றாள். மனைவி விரலால் இமையை மேலே தள்ளிவிட்டாள். அது மெல்ல இறங்கி, அதே பாதியில் வந்து நின்றது. மறுபடி தள்ளினாள். மறுபடி அதே இடம். மனைவி வரவேற்பில் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, தூக்கம் போதவில்லை என்றார்.

வியாழக்கிழமை வண்டிக்குள் பெட்ரோல் வாடை இல்லை. அன்று வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குத் திரும்பாமல் நீர்த்தேக்கத்துச் சாலைக்குப் போனான். கூரையைத் திறந்தான். வெயில் தாழ்ந்து தண்ணீரெல்லாம் செம்பாகப் பளபளக்க, வளைவுக்கு வளைவு வண்டி அவன் நினைப்பதற்கு முன்பே திரும்பியது. எதற்காக விற்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டுதானே வருகிறது. இன்னொரு சுற்றுப் போனான். அப்புறம் இன்னொன்று. இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவன் வண்டி தேறிவிட்ட விஷயத்தை மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை. தூங்கும் மகளின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தான். அவள் மூச்சில் பெட்ரோல் மணந்தது.

தன் கையில்தான் அந்த நாற்றம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினான். மூன்றாவது முறையும் கழுவினான்.

வெள்ளிக்கிழமை காலை மகள் குளியலறைக்கு நடந்தாள். நடையின் கோடியில் இடது பக்கம் திரும்பும்போது அவள் மூக்கிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது.

“என்ன குட்டி?”

“என்னப்பா?”

“இப்ப ஏதோ சத்தம் போட்டியே.”

“நானா? இல்லையே.” அந்தச் சத்தம் வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். மறந்துவிட்ட துண்டுக்காகத் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். அதே திருப்பம். அதே முனகல். எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. மூக்கடைப்பு என்றாள் மனைவி. அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு விளம்பரம் பார்த்து ஆள் வந்தார். கட்டிட ஒப்பந்தக்காரர், தடித்த கழுத்து, சுண்ணாம்பு படிந்த செருப்பு. வந்தவுடன் டயரைக் காலால் எத்தினார்.

“வண்டியா சார் இது, பொம்மையா?”

“ஓட்டிப் பாருங்க.”

“ஓட்டத்தானே வந்தேன், கொஞ்சறதுக்கா? இந்த மாதிரிப் பழசு சூடாகற வரைக்கும் நல்லவன் வேஷம் போடும். நான் அரைமணி நேரம் விரட்டித்தான் பார்ப்பேன், சொல்லிட்டேன்.”

மகள் வாசலில் நின்றிருந்தாள், பாதி மூடிய ஒற்றைக் கண்ணோடு. “வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி கொடுக்கட்டா?” என்று கேட்டாள். “திரும்பி வந்து குடிக்கிறேன், பாப்பா” என்று ஒப்பந்தக்காரர் அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவன் பக்கத்து இருக்கையில் ஏறினான். பதினொரு வருடத்தில் அந்த இருக்கையில் உட்காருவது அதுவே முதல் தடவை. அங்கிருந்து பார்க்க அது வேறு யாருடைய வண்டியோ போலிருந்தது.

முதல் திருப்பு. கிளம்பியது.

தெருமுனையில் ஒப்பந்தக்காரர் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ஹாரன் முனகவில்லை. முனகாத அந்த ஒரு நொடியில், காதுக்குள் அந்த முனகல் கேட்டது. நடையில். துண்டோடு. பிள்ளையின் மூக்கிலிருந்து.

மூன்று தடவை எழுப்பியது. பாதியில் நிற்கிற இமை. மூச்சில் பெட்ரோல். ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன, அவன் வார்ப்பில் பற்கள் உட்காருவதுபோல, இடுக்கு இல்லாமல்.

நான் வெச்சுக்கறேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. சூடேறினால் நிற்பது.

“கொஞ்சம் மெதுவாப் போங்க.”

“ஏன் சார், பயமா? நின்னுடும்னா?”

நிற்க வேண்டும். கடவுளே, நிற்க வேண்டும். அவன் வெப்பமுள்ளைப் பார்த்தான். விரட்டினால் பத்து நிமிடத்தில் சிவப்புக் கோட்டை எட்டிப்பிடிக்கிற முள். இப்போது அடியில் கிடந்தது. ஒப்பந்தக்காரர் மேட்டில் விரட்டினார். முள் அசையவில்லை. வண்டி எப்போதும் நிற்கிற ஆலைச் சுவர் வந்தது. போனது. அடுத்த மேடு. அதுவும் போனது. எதிர்காற்றில் துணிக்கூரை படபடத்தது.

“நில்லு” என்றான் மெல்ல. “எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கோ. அவ சின்னப் பிள்ள. தெரியாமச் சொல்லிட்டா.”

“யார்கிட்ட சார் பேசறீங்க?”

“வண்டி விக்கலைங்க. திருப்புங்க.”

ஒப்பந்தக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “நல்லா ஓடறதைப் பாத்ததும் ஆசை வந்துடுச்சோ? என்ன மனுஷன்யா நீ!”

வியாழக்கிழமையின் மூன்று சுற்றுகளும் அவன் நெஞ்சில் வந்து விழுந்தன.

“இத்தனை கோளாறையும் உங்ககிட்ட மறைச்சுட்டேங்க. ஸ்டார்ட் ஆகாது. ஹாரன் தானா அடிக்கும். சூடானா நின்னுடும்.” ஒப்புக்கொண்டால் போதும், மனம் திருந்தினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவன் நம்பினான். காது கொடுத்துக் கேட்டான். இன்ஜினில் ஒரு தடுமாற்றம் வராதா. ஒரே ஒரு இருமல்.

இல்லை. பட்டுத்துணி கிழிவதுபோல ஒரே சீரான ஓசை.

கைபேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, குட்டி நின்னுட்டா.”

“என்ன?”

“கூடத்துல நடந்துக்கிட்டே இருந்தா. அப்படியே நின்னுட்டா.” அவள் அழவில்லை. குரல் வறண்டிருந்தது. “உடம்பு கொதிக்குது. கண்ணு திறந்துதான் இருக்கு. மூச்சு எங்க இருக்குன்னு தெரியல. ஆம்புலன்ஸ் வருதாம். எனக்கென்னவோ… சீக்கிரம் வாங்க.”

ஒப்பந்தக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அந்த மனிதரிடம் அவ்வளவு இரக்கம் இருந்தது.

திரும்பும் வழியில் வண்டி பறந்தது. அவன் டாஷ்போர்டை உள்ளங்கையால் அடித்தான். பிறகு தடவினான். கெஞ்சினான். திட்டினான். மறுபடி கெஞ்சினான். உலோகம் குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு இடது திருப்பத்திலும் அமைதி. எங்கும் ஒரு குலுங்கல் இல்லை. அவ்வளவு நல்ல வண்டி.

வாசல் கதவு திறந்திருந்தது. அவன் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தான்.

கூடத்திலிருந்து அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகள் முன்னால். விறைத்து நிமிர்ந்தபடி. ஒரு கால் அடுத்த அடிக்குத் தூக்கியபடி. முழங்கால் மடங்கியது மடங்கியபடி. மறு காலின் பாதம் தரையில் தேய்ந்து வந்தது. அவளுக்குப் பின்னால் மனைவி, தலையைக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பிள்ளையின் முதுகில் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் பாதம் போன வழியெல்லாம் ஒரு சிவப்புக் கோடு.

“ஏய், என்ன பண்றே!”

மனைவி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வேர்வை. கண்களில் கோபமில்லை, பயமில்லை, எதுவுமே இல்லை.

“ஒரு கை கொடுங்க” என்றாள். “கொஞ்சம் வேகம் பிடிச்சா கிளம்பிடுவா.”

அவன் ஒப்பந்தக்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவர் கீழே இறங்கி, வண்டியை விட்டுப் பின்வாங்கி, மதிலோடு ஒட்டி நின்றிருந்தார். ஓட்டுநர் இல்லாத வண்டியின் இன்ஜின் வாசலில் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மகளின் முதுகில் கை வைத்தான். பானட்டின் சூடு. காலை ஊன்றித் தள்ளினான். வாசற்படியில் அவள் பாதம் இடித்து இறங்கியது. அவளுடைய நீட்டிய கையில், வந்தவருக்காக நிரப்பிய ஒரு டம்ளர் தண்ணீர். விளிம்புவரை நிறைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல்.