மூன்றாவது இழுப்பு

முதல் இழுப்பில் கிழங்கான் மீன் பதினேழு என்று உண்ணாமலை சொன்னதும் சிவரஞ்சனிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முந்தின நாள் மத்தியானம் புதுக்கோட்டையில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, இன்றைய தேதி போட்டு அவள் எழுதி முடித்த தாளிலும் கிழங்கான் பதினேழுதான். மடவைக் குஞ்சு ஒன்பது. கீச்சான் நாலு. உண்ணாமலை வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். மடவை ஒன்பது வந்தது. கீச்சான் நாலு வந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மணமேல்குடிக்குத் தெற்கே, அலை உடையும் மணற்கரையில் எந்த மாதம் எந்த மீன் வந்து தங்குகிறது என்பதுதான் சிவரஞ்சனியின் ஆராய்ச்சி. கலங்கலும் நுரையுமாகக் கிடக்கும் அந்த ஆழமில்லாத தண்ணீருக்குள் வர பெரிய மீன்கள் யோசிக்கும். அதனால் குஞ்சுகள் அங்கேதான் வளரும். மாதம் ஒரு காலை, மூன்று இழுப்பு. வலையின் இரண்டு முனையிலும் ஆளுயரக் கழி. கரையோரம் ஒருவர், நெஞ்சளவு ஆழத்தில் ஒருவர். இருவரும் கழியை நிமிர்த்திப் பிடித்துக் கரையை ஒட்டி நடந்து, வளைத்துக் கொண்டுவர வேண்டும். கரையோரக் கழி அவளுடையது. ஆழப்பக்கம் உண்ணாமலையின் புருஷன் ராக்கன்.

பிப்ரவரியில் அவளுக்குத் திருவரங்குளத்தில் சித்தி மகள் நிச்சயதார்த்தம். ஒரு மாதம் விட்டுப்போனால் கைடு திட்டுவார். ராக்கனுக்கு ஃபோன் போட்டு, கரையோரக் கழியை மணலில் நட்டுவிட்டு மற்றதோடு தனியாக நடக்கச் சொன்னாள். வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை என்றான் அவன். மூன்று தடவைதானே என்றாள் இவள். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. ஃபோனை அவன் எடுக்காததால் மறுநாள் விடிவதற்குள் அவள் வந்தபோது வலை மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. யார் கண்ணிலும் படாமல் சுருட்டி எடுத்துப் போய்விட்டாள்.

அவரை நீங்கள் அனுப்பினீர்களா என்று உண்ணாமலை வந்து கேட்டபோது, இல்லையே அக்கா என்று சொன்னாள். நாக்கு கூசவில்லை. அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு, ராக்கன் திருப்பூரில் எவளோடோ இருக்கிறான் என்று ஊர் பேசியது. உண்ணாமலை நெற்றி நிறையக் குங்குமத்தோடு அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நாலு மாதமாக நடமாடினாள். சிவரஞ்சனி இரவில் தூங்கினாளா என்றால், தூங்கினாள். அதை நினைத்தால்தான் அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

கடல் பக்கம் வர முடியாமல் மார்ச்சையும் ஏப்ரலையும் மே மாதத்தையும் அறையிலிருந்தே இட்டுக்கட்டி எழுதினாள். ஆழப்பக்கம் பிடித்தவர் என்ற கட்டத்தில் கை பழக்கத்தில் ராக்கன் என்றே எழுதியது. ஜூன் தாளும் முடிந்த பிறகு, இந்த முறை வலை இழுப்பதைப் படம் எடுத்து அனுப்பும்படி கைடு சொல்லிவிட்டார். கவியரசன் என்ற மீனவரை ஆழப்பக்கத்துக்குப் பேசினாள். செய்தி கேட்டு உண்ணாமலை தானாக வந்து கரையோரக் கழியைக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது இழுப்பு. வெயில் ஏறியிருந்தது, பாசியும் உப்பும் கலந்த வாடை மூக்கில் ஏற, நுரை மணலில் உடைந்து மெல்லச் சிணுங்கி அடங்கும் சத்தத்துக்கு நடுவே, உண்ணாமலை அவசரமில்லாமல் எண்ணினாள். காரல் ஆறு. கிழங்கான் பதினொன்று. தாளில் நிஜம்போல இருக்கட்டும் என்று சிவரஞ்சனி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள், ஒரு கிழங்கானுக்கு வால் இல்லை என்று.

உண்ணாமலை ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு வால் இல்லை.

கவியரசன் கழியை ஓரத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கரையேறினான். உதடு வெளுத்திருந்தது. அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னான்.

"மேடம், கழிய நான் மட்டும் புடிக்கல. என் கைக்குக் கீழ இன்னொரு கை இருக்கு."

திரும்பிப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தாளில் மூன்றாவது வரியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மீன் இல்லை. ஆழப்பக்கம், ராக்கன்.

போதும் அக்கா, போகலாம் என்றாள். உண்ணாமலை காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையோரக் கழியோடு தண்ணீரில் இறங்கினாள். வலை அவளுக்குப் பின்னால் விரிந்தது. விரிந்து, இறுகியது.

தூரத்தில் ஆழப்பக்கக் கழி எழுந்து நின்றது.

சாயவில்லை. அலைக்கு ஆடவில்லை. நெஞ்சளவு ஆழத்தில், ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், நகர்ந்தது. கழியைச் சுற்றி யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் எதிலோ மோதி இரண்டாகப் பிரிந்து போனது.

சிவரஞ்சனி தண்ணீர் ஓரம்வரை ஓடினாள். நாலு மாதமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அக்கா, நான்தான் அவர அனுப்புனேன். தனியா போகச் சொன்னேன்."

உண்ணாமலை நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"தெரியும்மா. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போனாரு. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

கழியை அவள் பக்கம் நீட்டினாள்.

"வாங்க. இந்தப் பக்கம் அன்னைக்கு நீங்க புடிக்க வேண்டியது."

போகாமல் இருந்திருக்கலாம். கால் போனது. கணுக்கால். முழங்கால். கழியை வாங்கினாள். உண்ணாமலை புடவையைப் பிழிந்துகொண்டு கரையேறி, மணலில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேலே அவ்வளவு வெயில். ஒரு குஞ்சு மீன்கூடக் காலில் உரசவில்லை.

வலை இழுத்தது. எதிர்முனைக் கழி மெல்லத் திரும்பியது. கரைக்கு அல்ல. கிழக்கே.

இடுப்பு. நெஞ்சு.

விட்டுவிடு என்று கையிடம் சொன்னாள். விரல்களைப் பார்த்தாள். அவற்றின்மேல் ஊறி வெளுத்த வேறு விரல்கள், ஒவ்வொன்றாக, பொறுமையாக மடங்கிக்கொண்டிருந்தன.