கண் சிமிட்டிய டோர்ச்

காலையில் வயலுக்குப் போனபோது நெல் பாதிதான் நின்றது.

மற்றப் பாதி சேற்றோடு சேறாகக் கிடந்தது. அறுவடைக்குக் கொஞ்ச நாளே இருந்த நெல். யானைகள் தின்றது கொஞ்சம். மிதித்ததுதான் அதிகம்.

சுகந்தினியின் அப்பா பொன்னையா வரம்பில் நின்றார். அவர் கையில் அந்தப் பெரிய டோர்ச் லைற் இருந்தது. அம்மா மீனம்மா முறிந்த கதிர்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி நிரஞ்சன் யானையின் கால் அடையாளம் ஒன்றுக்குள் இறங்கி நின்றான்.

"அக்கா, என்னோட ரெண்டு காலும் இதுக்குள்ள இருக்கு!" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"டோர்ச் அடிச்சீங்களாப்பா?" என்று சுகந்தினி கேட்டாள்.

"அடிச்சேன். விட்டு விட்டுத்தான் எரிஞ்சிச்சு. பட்டுன்னு அணைஞ்சுரும். தட்டினா எரியும். யானை பயப்படவே இல்ல. வேடிக்கை பார்க்குற மாதிரி நின்னுச்சு. அப்புறம் சாப்பிட ஆரம்பிச்சுருச்சு."

அந்த டோர்ச் அப்பாவுடையது அல்ல. காட்டோரம் வயல் உள்ள குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கியது. அதன் வெளிச்சம் காட்டின் கரை வரை போகும். கண்ணில் நேராகப் பட்டால் யானை திரும்பிவிடும். ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவு முறை. காலையில் அதை அடுத்த முறைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறைக்காரர் பரமலிங்கம். ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். மோட்டார் சைக்கிளில் வரம்பு வரை வந்து இறங்கினார்.

"என்ன பொன்னையா, ஆனைக்கு விருந்து வைச்சிட்டீர் போல?"

அப்பா டோர்ச்சை நீட்டினார். பரமலிங்கம் அதன் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வந்தது. போனது. வந்தது.

"தண்ணிக்குள்ளை விழுத்திப்போட்டீரோ?"

"இல்லீங்க ஐயா. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

"பத்திரமா வைச்சிருந்தா ஏன் கண் சிமிட்டுது? என்ர கையிலை இருக்கேக்கை பகல் மாதிரி எரிஞ்சது. மலையாலை வந்த ஆக்களுக்குத் தேயிலை பிடுங்கத்தான் தெரியும். இதெல்லாம் கையிலை குடுக்கக்கூடாது எண்டு நான் அப்பவே சொன்னனான். ஆர் கேட்டினம்?"

சுகந்தினி மலையைப் பார்த்ததே இல்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தது தாத்தா காலத்தில். அப்பாகூட இந்த ஊரில்தான் பிறந்தார்.

"பழுதாக்கின ஆள்தான் திருத்தித் தரவேணும்," என்று பரமலிங்கம் டோர்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "பின்னேரம் நான் காவலுக்குப் போக முதல் கொண்டுவாரும். இனி உமக்கு முறை இல்லை."

"சரிங்க ஐயா," என்றார் அப்பா.

நின்ற பாதி நெல்லையும் இனி டோர்ச் இல்லாமல்தான் காக்க வேண்டும். சுகந்தினிக்கு அது விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியிருக்கும். ஆனாலும் அவர் "சரிங்க ஐயா" என்றுதான் சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மல்லாவிக் கடைத்தெருவில் டோர்ச் திருத்தும் கடை பூட்டு. போனில் கேட்டபோது நாளைக்குத்தான் திறப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்பா வாசலில் குந்தி இருந்தார்.

"நான் பார்க்கவாப்பா?" என்றாள் சுகந்தினி.

"சும்மா இருடி. இன்னும் கெடுத்து வைக்காத," என்றார் அம்மா.

"இதுக்கு மேல கெட என்ன இருக்கு? பார்க்கட்டும்," என்றார் அப்பா.

சுகந்தினி பாயை விரித்து டோர்ச்சை அதன் மேல் வைத்தாள். தலைப்பக்கத்தில் மின்குமிழ். நடுவில் மின்சாரம் தரும் பற்றிகள் போடும் நீளக் குழாய், அதில் கையில் மாட்டும் கயிறு. வால்பக்கத்தில் திருகிக் கழற்றும் மூடி. அந்த மூடியில்தான் பொத்தான்.

முதலில் பற்றிகளைச் சார்ஜரில் போட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பற்றி நிறைந்துதான் இருக்கிறது. மறுபடி உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினாள். எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"அதுக்குத் தடிமன் அக்கா. தும்முது," என்றான் நிரஞ்சன்.

"அப்படியா? எங்க வருத்தம்னு பார்ப்போம்."

தலைப்பக்கத்தைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் தட்டினாள். வெளிச்சம் அப்படியே நின்றது. வால்பக்கத்தை விரலால் தொட்டாள். பட்டென்று அணைந்தது.

"வருத்தம் வால்ல," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மின்சுற்றுப் படித்திருந்தாள். பற்றியில் இருந்து கிளம்பும் மின்சாரம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பப் பற்றிக்கு வர வேண்டும். வழியில் எங்கே அறுந்தாலும் குமிழ் எரியாது. இந்த டோர்ச்சுக்குள் கம்பி எதுவும் இல்லை. அப்படியென்றால் மின்சாரம் திரும்பி வரும் வழி எது? குழாயும் மூடியும்தான். இரண்டும் உலோகம்.

"தம்பி, உன்னோட உடைஞ்ச விளையாட்டு பஸ்ல இருந்து ஒரு வயர் கொடு."

"திருப்பித் தரணும்."

"தருவேன்."

"சத்தியமா?"

"ஓடு!"

சுகந்தினி வால் மூடியை முழுவதும் கழற்றினாள். வயரின் ஒரு நுனியைப் பற்றியின் அடியில் வைத்தாள். மறு நுனியைக் குழாயின் விளிம்பில் தொட்டாள். மூடி இல்லாமலே டோர்ச் எரிந்தது. ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

தலையில் பிழை இல்லை. பற்றியிலும் பிழை இல்லை. கழற்றி வைத்த மூடியை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தாள். திருகும் வரிகளுக்குள் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து இறுகியிருந்தது. குழாயின் வரிகளிலும் அதே வெள்ளை. ஊசியால் கொஞ்சம் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, டோர்ச்சுக்குத் திருநீறு பூசினீங்களா?"

"ஆமா. காட்டுப் பக்கம் போற சாமான். பூசாம எடுத்துட்டுப் போலாமா? எல்லாரும் பூசுவோம். முதல்ல பரமலிங்கம் ஐயாதான் கோயில்ல வச்சுப் பூசிக் கொண்டாந்தாரு."

"வால்ல ஏன் பூசினீங்க?"

"தலை சூடேறி எல்லாம் உதிர்ந்துரும். அதான் எல்லாரும் வால்ல பூசுறது."

சார்ஜ் போட மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் திருநீறு வரிகளுக்குள் போயிருக்கிறது. இரவில் பனி பட்டுக் களியாகி, பகலில் காய்ந்து, சுவர் மாதிரி நின்றுவிட்டது. அந்தச் சுவரைத் தாண்டி மின்சாரம் போக முடியவில்லை.

சுகந்தினி அதைச் சொன்னதும் அப்பா மூடியை வாங்கி உள்ளே பார்த்தார்.

"அப்போ நானும்தான் கெடுத்திருக்கேன்," என்றார்.

"எல்லாரும்தாம்பா. ஆனா ஏச்சு மட்டும் உங்களுக்கு."

பழைய பல் தூரிகையால் வரிகளைத் தேய்த்தாள். காய்ந்த துணியால் துடைத்தாள். குழாயின் விளிம்பைப் பென்சில் அழிக்கும் அழிறப்பரால் மினுங்கும் வரை தேய்த்தாள். மூடியைப் பூட்டி அழுத்தினாள். பட்டப்பகலிலும் சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது. உலுப்பினாள். தட்டினாள். வட்டம் அசைந்ததே தவிர அணையவில்லை.

பின்னேரம் அப்பாவும் சுகந்தினியும் பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அவருடைய மகள் நிரோஜா பக்கத்தில் நின்றாள். அவளும் சுகந்தினியின் வகுப்புத்தான்.

பரமலிங்கம் டோர்ச்சை அழுத்திப் பார்த்தார்.

"ம். எந்தக் கடையிலை குடுத்தனீர்?"

"கடை பூட்டு மாமா," என்றாள் சுகந்தினி. வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் அவளுக்குத் தானாகவே பேச வரும். "நான்தான் திருத்தினனான். வால் மூடிக்குள்ள திருநீறு இறுகிப்போய்க் கிடந்தது. அதாலைதான் நூந்து நூந்து எரிஞ்சது."

பரமலிங்கத்தின் முகம் மாறியது.

"திருநீறாலை சாமான் பழுதாகுமோ? திருநீறு காவல், பிள்ளை. உங்கட வீட்டிலை அதுகூடச் சொல்லித் தரேல்லையோ?"

"சின்னப் பிள்ளைங்க ஐயா. மன்னிச்சுருங்க," என்றார் அப்பா.

பரமலிங்கம் உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டத்தோடு வந்தார். அவள் பார்க்கப் பார்க்க வால்பக்கத்தில் முன்பைவிடத் தடிப்பாகப் பூசினார்.

"மாமா, அந்தக் கைக்கயிற்றிலை பூசினால்..."

"போ பிள்ளை. எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"அப்பான்ர முறை?"

"அதைக் கூட்டத்திலை கதைப்பம்."

திரும்பி வரும் வழியில் சுகந்தினி கேட்டாள்.

"ஏன்பா மன்னிப்புக் கேட்டீங்க? நாம என்ன பிழை செஞ்சோம்?"

"அவங்க வயல் தாண்டித்தான் நமக்குத் தண்ணி வரணும்," என்றார் அப்பா.

அந்தக் கிழமை முழுவதும் அப்பா தட்டிச் சத்தம் எழுப்பத் தகரத்தோடு காவலுக்குப் போனார். கட்டை அடுக்கி நெருப்பு மூட்டினார். பொழுது விடிந்து வரும்போது அவர் கண்கள் சிவந்திருக்கும். உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. டோர்ச் அவர்கள் வீட்டைத் தாண்டி ஒவ்வொரு வீடாகப் போனது.

பள்ளிக்கூடத்தில் நிரோஜா எல்லோருக்கும் சொன்னாள்.

"எங்கட அப்பா டோர்ச்சைப் பிள்ளையாரிட்டை வைச்சவர். அது தானாச் சரியாப் போச்சு."

"பிள்ளையார் எந்தப் பக்கத்தைத் திருத்தினவர்? தலையோ, வாலோ?" என்று சுகந்தினி கேட்டாள்.

நிரோஜா யோசித்தாள். "முழுக்கத்தான்," என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பரமலிங்கம் வாசல் படலையடியில் நின்றார். இறங்கவில்லை.

"பிள்ளை நிக்கிறாவோ?"

சுகந்தினி வெளியே வந்தாள். அவர் டோர்ச்சை நீட்டினார்.

"இண்டைக்கு என்ர முறை. இது திரும்பவும் சிமிட்டுது."

அம்மா கதவடியில் வந்து நின்றார்.

"தண்ணிக்குள்ள விழுந்துருச்சுங்களா ஐயா?"

பரமலிங்கம் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தார்.

"இல்லை. பத்திரமாத்தான் வைச்சிருந்தனான்."

சுகந்தினிக்கு ஒரு பதில் தொண்டை வரை வந்தது. பிள்ளையாரிடமே கொடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். கடைக்குக் கொண்டுபோங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது.

அப்பாவின் கைக் கொப்புளங்களைப் பார்த்தாள். இன்று டோர்ச் எரியாவிட்டால் நாளை காலையில் நிரோஜாவும் சேற்றில் நிற்பாள். அந்தச் சேறு எப்படி இருக்கும் என்று சுகந்தினிக்குத் தெரியும்.

"இறங்கி வாங்கோ மாமா. நீங்களும் இருந்து பாக்கவேணும்," என்றாள்.

அவர் இறங்கினார். அவள் மூடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். தூரிகையையும் துணியையும் கொடுத்தாள்.

"நீங்களே துடையுங்கோ."

பரமலிங்கம் துடைத்தார். துணி வெள்ளையானது. இன்னொரு பக்கத்தைத் திருப்பித் துடைத்தார். அதுவும் வெள்ளையானது. துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாயின் விளிம்பைச் சுகந்தினி அழிறப்பரால் தேய்த்தாள். மூடியைப் பூட்டி அழுத்தியதும் முற்றத்துப் பலாமரத்தின் உச்சிவரை வெளிச்சம் போனது. அணையவில்லை.

"அப்ப, திருநீறு பூசாமல் கொண்டுபோறதோ?" என்றார். இந்த முறை உண்மையாகவே கேட்டார்.

"பூசுங்கோ. இந்தக் கைக்கயிற்றிலை பூசுங்கோ. கயிற்றுக்குள்ளாலை கரண்ட் போறேல்லை. எல்லா வீட்டுக்கும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ."

அவர் தலையாட்டினார்.

"இன்னொண்டும் சொல்லவேணும் மாமா," என்றாள் சுகந்தினி. "இதை எங்கட அப்பா பழுதாக்கேல்லை எண்டும் சொல்லவேணும்."

அப்பா "சுகந்தினி" என்று மெல்லக் கூப்பிட்டார்.

பரமலிங்கம் மோட்டார் சைக்கிளில் ஏறினார். அதைக் கிளப்பினார். பெற்றோல் தாங்கியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு உம்மட முறை, பொன்னையா. காலமை வந்து எடும். ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்."

அவர் போய்விட்டார்.

"முகத்தைப் பார்த்துச் சொன்னா வாய் வெந்துருமா?" என்றார் அம்மா.

"அவ்வளவாவது சொன்னாரே," என்றார் அப்பா.

"அவ்வளவுதான் சொன்னார்," என்றாள் சுகந்தினி.

மறுநாள் பொழுது சாயும் நேரம் சுகந்தினி அப்பாவோடு காவல் கொட்டில் வரை போனாள். அம்மா சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டிருந்தார். காட்டின் கரை கறுத்துக்கொண்டு வந்தது.

"நீயே போடு," என்று அப்பா டோர்ச்சை அவளிடம் கொடுத்தார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். நீளமான வெள்ளை வெளிச்சம் வயலின் மேலால் போய்க் காட்டைத் தொட்டது. அதை மெல்ல இழுத்து வயல் முழுவதும் காட்டினாள். எங்கும் சிமிட்டவில்லை. போன பாதியும் தெரிந்தது. இருக்கிற பாதியும் தெரிந்தது.