பொறுப்பாளர் பெயர்

காலைக் காப்பி ஆறுவதற்குள் மகிழினி அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளின் பெயர்களையும் ஒப்பித்துவிட்டாள். தேர்தல் வருடத்தில் நியூஜெர்சியில் எல்லா வீட்டிலும் இதே பாட்டுத்தான். வாக்குரிமைக்கான தேர்வை நடத்தும் பொறிக்குத் தேர்வி என்று பெயர். சமையலறைச் சுவரில் இருந்தபடி தமிழிலேயே கேட்கும். தேறியவருக்குத்தான் வாக்கு. தவறியவரின் வாக்கை அந்த வீட்டில் தேறிய ஒருவர் போடுவார், அவர் பொறுப்பாளர்.

மகிழினி ஒவ்வொரு முறையும் பாதியிலேயே தடுக்கி விழுந்தவள். அவளுடைய வாக்கையும் கணவன் நிதிலனே தனக்குப் பிடித்த கட்சிக்குப் போட்டுவந்தான். அந்தக் கட்சிதான் அவள் பாடம் நடத்திய மழலையர் பள்ளியை இழுத்து மூடியது. தன் வாக்கே தன் வேலைக்கு உலை வைத்ததை நினைத்தால் அவளுக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"ஜனாதிபதி ஒரு சட்டத்தைத் தடுத்துட்டா?" நிதிலன் தோசையைப் பிய்த்தபடி கேட்டான்.

"ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்தா மீறலாம். சரிதானங்க?"

"பின்னிட்ட போ!"

அவள் தேர்வியைத் தொட்டாள். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது.

"கடைசிக் கேள்வி. உங்கள் பொறுப்பாளர் பெயரைச் சொல்லி, வாக்கைத் திரும்பப் பெறுங்கள்."

"இவங்கதான்."

"அது பெயர் அல்ல."

"எங்க வீட்டுக்காரர்."

"அதுவும் பெயர் அல்ல. இன்னும் ஒரே வாய்ப்பு."

கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் அவள் பிறந்த சங்கரன்கோவிலிலேயே எப்போதோ ஒழிந்துவிட்டது. கடல் தாண்டி வந்த இவளிடம் மட்டும் பத்திரமாக இருந்தது. தவித்துப்போய் அவனைப் பார்த்தாள். அவன் பதறாமல் மென்றுகொண்டிருந்தான்.

"இப்படிக் கேக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீதான் சொல்ல மாட்டியே," என்று சிரித்தான். பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

"நிதிலன்," என்றாள் சுவரைப் பார்த்து.

"வாக்கு உங்களுடையது," என்றது தேர்வி.

அவன் மெல்வதை நிறுத்தினான். அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"இன்னொரு தோசை வேணுமா, நிதிலன்?"

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல அவன் வாசலைப் பார்த்தான்.