ஒன்பதாவது தாள்

போன் அடிக்கவில்லை. ஆனாலும் கூடத்தில் பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுக்களையில் பாலை ஆற்றிக்கொண்டிருந்த ஜானகி சட்டென்று திரும்பியதில் பால் சிந்திப் பச்சைப் புடவையில் வழிந்தது. பெரம்பலூர் கடையிலிருந்து எதையாவது அச்சுக்கு அனுப்புவதென்றால் அவள் புருஷன் முத்தமிழ்செல்வன் முதலில் மிஸ்டு கால் கொடுப்பான். இவள் ஓடிப்போய்த் தாள் வைப்பாள். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று பெரிய படங்களை ஒன்பது துண்டாகப் பிரித்து அனுப்புவான். ஓரக்கோடு பார்த்து வெட்டி, ஒட்டி, முழுப் படமாக்குவது இவள் வேலை. தாள் இல்லாமல் மை வீணாகுமே என்று பயப்படுகிற மனுஷன். மிஸ்டு கால் கொடுக்காமல் ஒருநாளும் அனுப்பியதில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் அரியலூர் முழுக்கச் சாயங்காலமே இருட்டிக் கிடந்தது. கல்லங்குறிச்சி சாலையில் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகள் உறுமும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்க, நனைந்த சுண்ணாம்பின் வாடை கூடம் வரைக்கும் வந்து நின்றது. தூளியில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரின் பரண்மேல், மானிட்டர் இல்லாத பழைய கம்ப்யூட்டர் வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. ஃபயர்வால் என்பான் அதை. பிரிண்டரின் யு.எஸ்.பி. வயர் அதன் முதுகில் செருகியிருந்தது.

"வூட்டுக்குக் காவக்காரன் மாதிரி இது. வெளியிலேர்ந்து என்னத் தவிர ஒரு பய உள்ள வர முடியாது."

"அப்ப ராத்திரிக்கு ரெண்டு கவளம் சோறு வச்சுடவா அதுக்கு?" என்று அதை மாட்டிய அன்றைக்குச் சிரித்தாள் ஜானகி.

தட்டில் மிஞ்சியிருந்த தாள்களில் முதலாவது விழுந்தது. சாம்பல் நிறச் சுவரும் ஒரு மூலையும். வேறொன்றும் இல்லை. அவள் போனை எடுத்தாள்.

"என்னங்க, சொல்லாமயே அனுப்பிட்டீங்க?"

"நான் எங்க அனுப்புனேன்? இங்க கரண்டே இப்பத்தான் வந்துச்சு. இரு, பாக்கறேன்." கீபோர்டு தட்டும் சத்தம். "வெளியிலேர்ந்து ஒண்ணும் வரல. வூட்டுக்குள்ளேர்ந்துதான் போயிருக்கு. நீ எதையாச்சும் சொருகினியா?"

"எதைங்க சொருவறது? வூட்டுல இருந்த நல்ல கம்ப்யூட்டரத்தான் போன வாரமே கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே."

அவன் குரலைத் தாழ்த்தினான். அந்தத் தொனி அவளுக்குப் பழக்கமானது.

"ஜானகி, மாத்திரை போட்டியா?"

யாழினிக்கு மூன்று மாதமாக இருந்தபோது ஒருநாள் ஜானகி அவனிடம் சொன்னாள்: நான் அடுக்களையில இருக்கறப்ப யாரோ தூளிய ஆட்டுறாங்க, மெதுவாப் பாடுறாங்க. அவ்வளவுதான் சொன்னாள். திருச்சியில் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். குழந்தையைச் செந்துறைக்கு, அவன் அக்கா செல்வம்மாள் தூக்கிப் போய்விட்டாள். பால் கட்டி மார்பு கல்லாகிப்போன நாட்கள் அவை. குழந்தை திரும்பி வந்த அன்று செல்வம்மாள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "இவ இன்னொரு தடவ இப்படி ஏதாச்சும் சொன்னாள்னா எம் மருமவள நானே வளத்துக்கறேன். அப்பறம் கேக்காதீங்க." அதற்குப் பிறகு தூளி தானாக ஆடினாலும் ஜானகி பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். பாட்டுக் கேட்டால் குழாயைத் திறந்துவிடுவாள்.

"போட்டேங்க," என்றாள்.

"சரி. நான் கெளம்பி வரேன். அக்கா இங்கதான் கடைக்கு வந்திருக்கு, அதையும் கூட்டிட்டு வரேன். நீ ஒண்ணும் பண்ணாத. கொழந்தைய எடுக்காத. என்ன?"

கொழந்தைய எடுக்காத. போனை வைத்த பிறகும் அது காதுக்குள் கிடந்தது. எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடலாம். மழையில், கைக்குழந்தையோடு ரோட்டில் நிற்பவளை அவர்கள் வந்து பார்ப்பார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தூக்கிப் போய்விடுவார்கள்.

இரண்டாவது தாள் வந்திருந்தது. உத்தரத்துக் கொக்கி. அதில் முறுக்கிய கயிறு. கயிற்றில் நீல நைலான் ஒட்டு.

தூளிக் கயிறு அறுந்தபோது அவளே போட்ட ஒட்டு அது.

வீட்டில் கேமரா கிடையாது. கேமரா வைத்த போனும் கிடையாது. மூன்றாவது தாளில் அடுக்களை நிலைப்படியின் மேல் பக்கம், மாவிலைத் தோரணத்தோடு. பரண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் அப்படித் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். பரண்மேல் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது.

ஒரு யோசனை வந்தது. இதை முழுசாகச் சேர்த்து அவர்களிடம் காட்டிவிட்டால்? தாளில் இருப்பதை மாத்திரை போட்டு அழிக்க முடியாதே. எனக்குப் பைத்தியமில்லை, இங்கே பாருங்கள் என்று நீட்டிவிட்டால்? தூளியை விலக்கிப் பார்த்தாள். வாயில் விரலோடு குழந்தை தூங்கியது. எழுப்பி, வருகிற நேரத்தில் அது வீறிட்டு அழுதால் அதுவும் தன் தலையில்தான் விடியும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பரணுக்கு நேர்கீழே, தூளிக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள். வெட்டினாள். அடுக்கினாள்.

பிரிண்டர் நின்று நின்று ஓடியதில் நாலாவது தாள் வர வெகுநேரமானது; அதில் வெறும் சுவர்.

ஐந்தாவதில் தூளி. அதன் விளிம்பைப் பிடித்திருக்கும் ஒரு கை.

திரும்பினாள். யாருமில்லை. தூளி ஆடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டதில் ஆடுகிறது. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான்.

ஆறாவது தாள் மிக மெதுவாக வந்தது. மையின் புளித்த வாடை. வரிவரியாக ஒரு தலை, நெற்றி, பொட்டு. பச்சைப் புடவை. புடவையில் சிந்திய பால், இன்னும் காயாத ஈரத்தோடு.

அவள் முகம்.

சிரித்துக்கொண்டிருந்தது. ஜானகி அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. மருந்தின் மந்தம் இல்லாத, நன்றாகத் தூங்கியெழுந்த முகம். பார்க்கிறவர்களுக்குக் குழந்தையைக் கொடுக்கத் தோன்றுகிற முகம்.

முதுகுக்குப் பின்னால் கயிறு கிரீச்சென்றது. நின்றது. கிரீச்சென்றது. கூடவே அந்தப் பாட்டு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஏழு. தரை.

எட்டு. தரை. மெட்டி போட்ட இரண்டு கால்கள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. கீழ்வரிசை ஓரம். அவள் உட்கார்ந்திருக்கும் இடம்.

வாசலில் பைக் வந்து நின்றது. "ஜானகி!" முத்தமிழ்செல்வனின் குரல். தாள் விழுந்தது. வெட்டாமலே எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

சிமென்ட் தரை. பரப்பிய தாள்கள். ஒரு கத்தரிக்கோல்.

அவ்வளவுதான் இருந்தது அதில்.

"ஜானகி, கதவத் தொற!"

வாயைத் திறந்தாள். பாட்டு நின்றது. குழந்தையைத் தூக்கியதில் தூளி லேசாகிற சத்தம். மெட்டி தரையில் தட்டித் தட்டி அவளைக் கடந்து வாசலுக்குப் போனது. தூக்கம் கலைந்த யாழினி கலகலவென்று சிரித்தாள்.

"இதோ வரேங்க," என்றது அவள் குரல்.

தாழ்ப்பாள் விலகியது. மழைச்சாரல் உள்ளே வந்தது.

"நல்லாத்தானடா இருக்கா," என்றாள் செல்வம்மாள். "போன்ல என்னமோ பயந்து செத்த."

"இல்லண்ணி, சும்மா தாள் மாட்டிக்கிச்சு. உள்ள வாங்க, ரெண்டு பேரும் நனைஞ்சுட்டீங்க."

ஜானகி கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். முத்தமிழ்செல்வன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக்காலோடு நேராக வந்தான். அவள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேலேயே நடந்து போய், எட்டி, பிரிண்டரை அணைத்தான். ஒன்பதாவது தாளில் அவன் கால்தடம் மெல்ல ஊறிப் பரவியது.