ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு

ப்ளம்பர் டெஸ்மண்டின் வண்டி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டிலிருந்த அந்தப் பெரிய வீட்டு முன் வந்து நின்றபோது, வீட்டுக்காரர் ஆப்ரி தோர்ன்லி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். ஓய்வுபெற்ற வக்கீல். கோர்ட்டை விட்டு வந்தாலும் வாதத்தை விடாதவர்.

"கேஸை யானை மாதிரி தின்னுது, வீட்டைச் சூடாக்குற அந்த பாய்லர். வீடோ சவக்கிடங்கு. என் மனைவிக்கு நுரையீரல் சரியில்ல. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனா தாங்க மாட்டாள்னு டாக்டர் சொல்லிட்டார்."

"டீ இல்லாட்டி நானும் தாங்க மாட்டேன் சார்," என்றான் டெஸ்மண்ட்.

நிலவறையில், பதவி விலக மறுக்கும் தலைவரைப் போல உறுமிக்கொண்டிருந்தது பழைய பாய்லர். அதிலிருந்து கிளம்பிய குழாய்களிலேயே தடித்த ஒன்று நேராக மேலே, கூரையடி அறைக்குப் போனது. அங்கே ஒரு கட்டில். சுவரோரம், குழாயின் சுடுநீரால் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர், கூடத்தில் இருப்பதை விடப் பெரியது.

தொட்டால் கை வெந்துவிடும். ஆனால் அறைக்குள் எலும்பு வரை குளிர். நனைந்த கம்பளியின் வாடை.

"பாதி சூடு இங்கதான் சார் போகுது. இத்துணூண்டு ரூமுக்கு இவ்வளவு பெரிய இரும்பா?"

கீழிருந்து ஆப்ரியின் மனைவி ஹெஸ்டர் இருமலுக்கிடையே குரல் கொடுத்தாள். "ஆப்ரி, அதுல கை வைக்காதே. வீட்டை வித்த அம்மா என்ன சொன்னா? நிலக்கரியை மிச்சம் பிடிச்ச எஜமானால வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி அங்க விறைச்சுச் செத்தா. அப்புறம்தான் அதை வச்சாங்களாம். அணைக்கவே கூடாதுன்னு சொன்னாளே."

"செத்தவளுக்குக் குளிருமா? ஆளில்லாத அறைக்குச் சூடு கொடுக்க நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்? வெட்டுப்பா."

டெஸ்மண்ட் வெட்டினான். குழாய் நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"காத்துதான் சார்," என்றான். மிச்ச டீயைக் குடிக்காமலே போனான்.

பழையதை எடுத்துவிட்டு அவன் பொருத்திய புது பாய்லர் சத்தமில்லாமல் வேலை செய்தது. அறைகள் கதகதத்தன. ஆப்ரி ஸ்வெட்டர்களைக் கழற்றிவிட்டு, அக்கம்பக்கத்தாருக்குச் சிக்கனத்தைப் பற்றி உபந்நியாசம் செய்யத் தொடங்கினார்.

டிசம்பரில் ஒரு நாள், நாலு மணிக்கே இருட்டிவிட்ட வேளையில், கூரையடிப் படிகளில் சத்தம் கேட்டது.

வெறுங்கால். இறங்கி வந்தது.

படுக்கையறையிலிருந்து ஹெஸ்டர் சொன்னாள்: "கதவைச் சாத்து. குளிருது."

"இருபத்திரண்டு டிகிரி இருக்கு."

"உன் டிகிரியை நீயே கட்டிக்கிட்டுப் படு."

அவர் அவள் கையைத் தொட்டார். பனிக்கட்டி. அவள் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

அவள் தோளுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், இன்னொரு மூச்சு புகைந்தது.

ஆப்ரி ஃபோனுக்கு ஓடினார். டாக்டர் பனியில் மாட்டிக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் வந்துவிட்டான்.

"அந்தக் குழாயை மறுபடி சேர்த்துடுப்பா," என்றார் ஆப்ரி. வக்கீல் குரல் எங்கோ போயிருந்தது.

வேலை முடிந்து இருவரும் கூரையடி அறையில் நின்றார்கள். ரேடியேட்டர் சூடேறியது. கூடவே அறையும். டெஸ்மண்ட் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"அதிசயமா இருக்கு சார். அன்னிக்கு எவ்வளவு சூடு வந்தும் யாரோ வாங்கி விழுங்கின மாதிரி இருந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, அடுப்படி மாதிரி."

ஆப்ரிக்குப் புரிந்தது. அறை காலியாக இருந்தது.

மனிதச் சூட்டோடு ஒட்டிப் படுத்துப் பார்த்தவள், மறுபடி இரும்பைத் தேடி வருவாளா?

கீழே இருமல் நின்றிருந்தது.

அவர் படுக்கையறைக் கதவைத் திறந்தார். நனைந்த கம்பளியின் வாடை. ஹெஸ்டர் கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்கி, யாருக்கோ இடம் விட்டவள் போலப் படுத்திருந்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு மூச்சுதான், மெல்ல, நிம்மதியாகப் புகைந்துகொண்டிருந்தது.

ஹெஸ்டரின் வாயிலிருந்து அல்ல.