அடுப்பு எரியாத கல்லூரி

சுப்ரியாவின் வீட்டில் பகலிலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அழகர்சாமிக்கு லாரி உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அம்மா சரஸ்வதிக்கு செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவர்கள் குடியிருந்தது ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். அதனால் ஆறாம் வகுப்பு படிக்கும் சுப்ரியா மெதுவாகப் பேசியே பழகிவிட்டாள்.

அண்ணன் ஜெகதீஷ் சத்தமில்லாமல் சமைத்துப் பழகிவிட்டான். மிக்ஸி போட்டால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார் என்று, உரலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டு மிளகும் சீரகமும் இடிப்பான். அவன் வைக்கும் குழம்பின் வாசனைக்கு அப்பா தானாகவே கண் விழிப்பார்.

ஜெகதீஷ் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்து, பெரிய ஓட்டலில் சமையல் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. உசிலம்பட்டியிலிருந்து பெரியப்பா போன் செய்து, சமையலுக்கெல்லாமா கல்லூரி என்று கேட்டார். "தெனமும் அவன் சோத்தத்தானே திங்கிறோம். நான் எப்படிண்ணே வேணாம்னு சொல்ல?" என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார். எந்தக் கல்லூரி என்பதை மட்டும் அவனையே பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று திருச்சிக்குப் பக்கத்தில் இருந்த அரசுக் கல்லூரி. அங்கே அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விடுதியில் தங்க வேண்டும். இன்னொன்று ஓசூரிலேயே புதிதாகத் திறந்திருந்த தனியார் கல்லூரி. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஓசூர்க் கல்லூரியிலேயே அண்ணன் சேர வேண்டும் என்று சுப்ரியா நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு நாள் அண்ணன் ராயக்கோட்டைக்குப் போயிருந்தபோது அம்மாவின் கம்பெனி பஸ் தாமதமாகிவிட்டது. கரண்டும் போய்விட்டது. வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை அவளால் மறக்க முடியவில்லை. அண்ணன் திருச்சிக்குப் போய்விட்டால் எல்லா நாளும் அப்படித்தான் இருக்கும் என்று பயந்தாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஓசூர்க் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. கல்லூரி, ஒரு கட்டில் பீரோ கடைக்கு மேலே இருந்தது. வரவேற்பில் இருந்த அக்கா சுப்ரியாவுக்கு ஒரு காகிதத் தொப்பி கொடுத்தார். சமையல்காரர்கள் போடும் உயரமான வெள்ளைத் தொப்பி. அது அவள் மூக்கு வரை இறங்கியது. படிப்பு முடிந்ததும் வெளிநாட்டிலேயே வேலை கிடைக்கும் என்று அந்த அக்கா அண்ணனிடம் சொல்லிக்கொண்டே போனார்.

பயிற்சிச் சமையலறையைத் திறந்து காட்டினார்கள். பெரிய பெரிய அடுப்புகள் பளபளவென்று இருந்தன. அண்ணன் கண்ணும் பளபளத்தது. பிறகு அவர்கள் அலுவலக அறைக்குப் போனார்கள். சுப்ரியாவுக்குத் தாகமாக இருந்ததால் அவள் பின்தங்கினாள்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்தாள். காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. தொப்பியைத் தூக்கிவிட்டு நன்றாகப் பார்த்தாள். அடுப்பின் கேஸ் ட்யூப் எதிலும் மாட்டாமல் கீழே தொங்கியது. மசாலா டப்பாக்களின் மேல் ஒட்டிய தாள் ஒன்றில்கூடக் கிழியவில்லை. அந்த அறையில் பெயிண்ட் வாசனைதான் வந்தது. வெங்காய வாசனையோ எண்ணெய் வாசனையோ கொஞ்சமும் இல்லை.

வெளியே வராந்தாவில் ஒரு மாணவன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் தளியிலிருந்து வருகிறவன். சட்டையில் திம்மப்பன் என்று பெயர் தைத்திருந்தது. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று சுப்ரியா கேட்டாள்.

"இங்க தண்ணி வராது பாப்பா. கீழ டீக்கடைக்குத்தான் போகணும்."

"அப்ப பாத்திரம் எப்படிக் கழுவுவீங்க?"

திம்மப்பன் சிரித்தான். அப்புறம் அலுவலக அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "சமைச்சாத்தானே கழுவறதுக்கு. எங்கள கல்யாண மண்டபத்துக்குப் பரிமாற அனுப்புவாங்க. நான் சேந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இங்க ஒரு வெங்காயம்கூட வெட்டல. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சுப்ரியா தலையாட்டினாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலெல்லாம் நீர் வழிந்துகொண்டிருந்தது. அண்ணன் விடாமல் பேசிக்கொண்டே வந்தான். திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிடப் போகிறானாம். சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவனும் வந்துவிடுவானாம். அவள் ஆசைப்பட்டது நடக்கப்போகிறது. ஆனாலும் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. வாயைத் திறந்தால் அண்ணன் திருச்சிக்குப் போய்விடுவான். திறக்காவிட்டால் அவன் ஒரு வருஷம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். வீடு வரும்வரை அவள் காகிதத் தொப்பியைக் கசக்கிக்கொண்டே வந்தாள். அது நனைந்து கூழாகிவிட்டது.

அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்று வலியா என்று அம்மா கேட்டார். இல்லை என்றாள்.

மறுநாள் காலை, அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே ரங்கம்மா அக்கா தையல் மெஷினோடு இருப்பார். வீட்டில் தெலுங்கு பேசுவார், சுப்ரியாவிடம் தமிழில் பேசுவார். அம்மா வேலையிலிருந்து வரும்வரை தினமும் இங்கே உட்கார்ந்து படிக்கலாமா என்று சுப்ரியா கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

ரங்கம்மா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இதுக்கு ஏம்மா அழற? வந்து உக்காந்துக்கோ. டிவியில தெலுங்கு சீரியல் ஓடும், உனக்குப் புரியாது. அது ஒண்ணுதான்."

சுப்ரியா வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் சமையலறையில் தக்காளித் தொக்கு கிளறிக்கொண்டிருந்தான். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் காதோடு சொன்னாள். குழாய், ட்யூப், டப்பா எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே படிக்கிற ஒருவர் ஒரு வெங்காயம்கூட வெட்டியதில்லை என்பதையும் சொன்னாள். திம்மப்பனின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கரண்டியை நிறுத்தவில்லை. கிளறிக்கொண்டே சொன்னான்.

"ட்யூப் தொங்கினத நானும் பாத்தேன் பாப்பா."

சுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாத்துட்டுமா சேரப் போற?"

"நீ தனியா இருப்பேல்ல."

அடுப்பில் தொக்கு கொப்பளித்தது. அவன் தீயைக் குறைத்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவன் பஸ்ஸில் ஏன் அப்படி விடாமல் பேசினான் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நான் ரங்கம்மா அக்காகிட்ட பேசிட்டேன். அம்மா வர்ற வரைக்கும் அங்க இருந்துக்குவேன். நீ அடுப்பு எரியற காலேஜுக்குப் போ," என்றாள்.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அண்ணன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். இரண்டு பேரும் அப்பாவை எழுப்பிவிடாதபடி அழுதார்கள். தொக்கு அடிப்பிடித்துவிட்டது. அவன் சமைத்து அடிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பையனின் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.  அப்பா சுப்ரியாவின் தலையில் கையை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே அண்ணன் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் நகர்ந்ததும் சுப்ரியா கையாட்ட நினைத்தாள். ஆனால் கை மேலே எழவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாகவே இல்லை. ரங்கம்மா அக்கா வீட்டில் சீரியலில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டே இருந்தார்கள். சுப்ரியாவுக்கு அது புரியாவிட்டாலும் கணக்குப் போட முடியவில்லை. அண்ணன் போனில் கொஞ்ச நேரம்தான் பேசுவான். நாள் முழுக்க நின்றுகொண்டே காய் வெட்டியதாகவும், மாஸ்டர் அத்தனையும் ஒரே அளவில் இல்லை என்று திருப்பி வெட்டச் சொன்னதாகவும், விரலில் காயம் பட்டதாகவும் சொல்வான். குரல் களைத்திருக்கும். ஆனால் நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதை மட்டும் வேகமாகச் சொல்வான். போனை வைத்த பிறகு சுப்ரியா கொஞ்சம் அழுவாள். அவன் ஓசூர்க் கல்லூரியிலேயே சேர்ந்திருக்கலாம் என்று மட்டும் அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஆடி மாதம் பிறந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், ரங்கம்மா அக்கா வீட்டு வாசலில் கம்பெனிச் சட்டையோடு அப்பா வந்து நின்றார். சுப்ரியா பயந்துவிட்டாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

"இல்லத்தா. ஜெனரல் ஷிஃப்ட் கேட்டிருந்தேன், குடுத்துட்டாங்க. இனிமே சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன்."

அன்று அப்பா உப்புமா செய்தார். ரவையை வறுக்க மறந்துவிட்டார். உப்பை இரண்டு தடவை போட்டார். அது கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. சரியாக அந்த நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அப்பாவே சமைத்திருக்கிறார் என்று சுப்ரியா சொன்னாள். எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டான். அப்பாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்குண்ணா," என்றாள் சுப்ரியா.

அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்தார். அவள் தட்டை நீட்டினாள்.